கெனன் 10-18: மலைநாட்டு வீடுகளுக்குச் சரியான லென்ஸ், அந்த 10 ஒன்றைத் தவிர

விற்பனைக்குப் போகிற வீடுகளைப் படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டு ஸ்டூடியோவுக்கு வருகிற பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். நான் பாவிப்பது கெனன் ஈஎஃப்-எஸ் 10-18 மில்லிமீட்டர், எஃப் 4.5-5.6, ஐஎஸ் எஸ்டிஎம். 10இலிருந்து 18 வரை ஸூம் செய்யலாம், எண் சிறுக்கச் சிறுக்கக் காட்சி அகலும். கொடுத்த காசுக்கு இவ்வளவு உழைத்த சாமான் என் பையில் வேறு கிடையாது. ஆனால் அதன் பெயரிலேயே இருக்கிற 10 என்ற எண்ணை நான் அநேகமாகத் தொடுவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பண்டாரவளையில் எங்களுடையது அப்பா காலத்து ஸ்டூடியோ. அடையாள அட்டைப் படம், கல்யாணம், சடங்கு வீடு என்று ஓடிய கடை. இப்போது கல்யாணத்துக்குக் கொழும்பிலிருந்து ட்ரோனோடு ஆள் வருகிறது. எனக்கு மிஞ்சியவை வீடுகள். பண்டாரவளை, தியத்தலாவை, வெலிமடை, எல்ல, பதுளை, சில நேரம் நுவரெலியா தாண்டி ஹட்டன் வரைக்கும் போவேன். தரகர் கூப்பிடுவார், இல்லாவிட்டால் வீட்டுக்காரரின் மகன் கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார். படங்கள் இக்மன் விளம்பரத் தளத்தில் ஏறும், பேஸ்புக்கில் சுற்றும். வாங்கப் போகிறவர் அதைப் போனில் பார்த்துவிட்டுத்தான் வேன் பிடித்து மலை ஏறலாமா என்று முடிவெடுப்பார்.

இங்கத்தைய வீடு எப்படிப்பட்டது என்று சொல்லாமல் லென்ஸைப் பற்றிப் பேச முடியாது. சரிவில் கட்டிய வீடு. மேலே றோட்டு, றோட்டு மட்டத்தில் ஹோல், படி இறங்கினால் அறைகள், அதற்கும் கீழே குசினி. காணி பேர்ச் கணக்கில்தான் விற்கும். ஏக்கருக்கு 160 பேர்ச், டவுனுக்குள் ஆறு, எட்டு பேர்ச் கிடைத்தாலே பெரிய விஷயம். குளிருக்காக அறையும் சின்னது, ஜன்னலும் சின்னது, சீலிங் பலகை. அந்த அறைக்குள் ஒரு பெரிய கட்டில், ஒரு அலுமாரி, அலுமாரிக்கு மேல் சூட்கேஸ் இரண்டு. கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். இப்படிப்பட்ட அறையில் கமராவோடு வந்த 18-55 லென்ஸை வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 18இல் அது பக்கவாட்டில் பார்ப்பது சுமார் 64 பாகை. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாலும் கட்டிலின் கால்மாடும் பாதி அலுமாரியும்தான் வரும்.

10-18 அங்கேதான் கை கொடுக்கிறது. 10இல் பக்கவாட்டில் சுமார் 96 பாகை. ஒரு மூலையில் இரண்டு சுவர்கள் சேருகிற கோணம் 90 பாகை என்பதை நினைத்துப் பாருங்கள். மூலையில் போய் ஒடுங்கி நின்றால் இரண்டு பக்கச் சுவரையும் ஒரே படத்தில் பிடித்துவிடலாம். முதல் தடவை லைவ் வியூவில், அதாவது கமராவின் பின்திரையில், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அறை திடீரென்று மண்டபம் ஆகிவிடும்.

தரகர்மாருக்கும் அந்தச் சிரிப்பு பிடிக்கும். "தங்கச்சி, ரூம் ஹோல் மாதிரி தெரியணும், நல்லா அகலமா எடுங்க" என்பார்கள். "அண்ணே, வந்து பார்க்கிறவர் கண்ணாலதானே பார்ப்பாரு" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். வெலிமடைப் பக்கம் ஒரு வீட்டுக்கு வேறொருவர் எடுத்த படங்களை நம்பிக் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. ஐந்தாறு மணி நேரப் பயணம், பின் சீட்டில் வாந்தி எடுத்த சின்னப் பிள்ளை வேறு. அந்த மனிதர் படுக்கையறை வாசலில் நின்று போனை எடுத்து, படத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார். "இது வேற ரூமா?" என்று கேட்டார். அதே ரூம்தான். அதற்குப் பிறகு அவர் குசினியையோ தண்ணீர்த் தாங்கியையோ பார்க்கவில்லை. உண்மையில் அது நல்ல வீடு, விலையும் நியாயம். முதல் அறையிலேயே தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தவருக்கு மிச்சத்தில் எதுவும் கண்ணில் படவில்லை.

இதில் லென்ஸைக் குறை சொல்லக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு விஷயங்களைப் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, 10இல் ஓரத்து நேர்கோடுகள் லேசாக வெளிப்பக்கம் வளைவது. அது லென்ஸின் குணம். லைட்ரூம் மென்பொருளில் லென்ஸ் புரோஃபைலை ஒரு கிளிக் செய்தால் நேராகிவிடும். மற்றது, ஓரத்தில் இருக்கிற பொருள்கள் இழுபட்டு அகலமாவது. அதற்கு கெனன் என்ன, எந்தக் கம்பெனி லென்ஸும் ஒன்றும் செய்ய முடியாது. அவ்வளவு அகலமான காட்சியை நேர்கோடு கெடாமல் தட்டையான படத்தில் விரித்தால் ஓரம் இழுபடத்தான் செய்யும், அது கணிதம். 10இல் படத்தின் பக்கவாட்டு ஓரத்தில் ஒரு உருண்டையான பொருள் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு அகலமாகத் தெரியும். 14க்கு வந்தால் அதே ஓரத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டும் அகலும்.

இதைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டிலேயே ஒரு பரீட்சை செய்யலாம். குசினியில் தண்ணீர்க் குடத்தை எடுத்துப் படத்தின் ஓரம் வருகிற மாதிரி வைத்து 10இல் ஒன்று, 14இல் ஒன்று எடுத்துப் பாருங்கள். 10இல் குடம் பூசணிக்காய் ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், எதிர்ச்சுவரில் தட்டையாகத் தொங்குகிற மணிக்கூடு ஓரத்தில் வந்தாலும் வட்டமாகவே இருக்கும். அதனால் சுவரைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைக்கிறவர்கள் உண்டு. காட்டிக்கொடுப்பது குடமும், உருண்டை லைட் ஷேடும், சோபா கைப்பிடியும், தப்பித்தவறி ஓரத்தில் நின்றுவிட்ட பாட்டியின் முகமும்தான்.

ஆகவே என் வழக்கம் இது. படுக்கையறை, ஹோல், குசினி மூன்றுக்கும் 13இலிருந்து 15க்குள். ஸூம் வளையத்தில் 14 என்று எழுதியிருக்கிற இடம் எனக்கு விரலாலேயே தெரியும். அங்கே பக்கவாட்டில் 77 பாகை கிடைக்கும். மூலையில் நிற்காமல் கதவு நிலைக்கு வெளியே ஒரு அடி பின்னால் நின்று, கதவு நிலை படத்தில் விழாமல் எடுத்தால் அறையின் முக்கால்வாசி வரும். எல்லாச் சுவரையும் ஒரே படத்தில் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டு படம் போட்டால் போகிறது. கட்டில், அலுமாரி போன்ற பெரிய சாமானை ஓரத்துக்கு விடாமல் நடுப்பக்கம் தள்ளி வைத்து எடுத்தால் அளவு ஏறக்குறைய உண்மையாகவே விழும்.

10ஐ எடுக்கிற இடங்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. குளியலறை ஒன்று, படிக்கட்டு வளைவு ஒன்று. மூன்றாவது, வீட்டின் பின்பக்கம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

மலையில் வீடு கட்டுவதென்றால் மேட்டை வெட்டித்தான் தளம் எடுக்க வேண்டும். வீட்டின் பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் நடுவில் மூன்று நாலு அடிச் சந்து இருக்கும். அங்கே வடிகால், பாசி, சிலரிடம் நல்ல கருங்கல் அணைகட்டு, சிலரிடம் வெறும் மண். மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும் என்பது இப்போது கொழும்பில் இருந்து வாங்க வருகிறவர்களுக்கும் தெரியும். அவர்கள் ஹோலின் மாபிளைக் கேட்பதற்கு முன்னால் பின்னாலிருக்கிற மேட்டைத்தான் கேட்கிறார்கள். அந்தச் சந்துக்குள் நின்று அணைகட்டு, வடிகால், வீட்டுச் சுவர் மூன்றையும் ஒரே படத்தில் காட்ட 10 தவிர வேறு வழியில்லை. ஆனால் 10 அந்தச் சந்தினையும் நீளமாக்கிக் காட்டுமே. அதற்காகத் தம்பியை நடுவில் நிறுத்திவைப்பேன். அவன் நடுவில் நிற்பதால் இழுபடமாட்டான். அவன் தோளுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடம் என்று பார்க்கிறவருக்கு விளங்கும். தரகர்களுக்கு இந்தப் படம் பிடிக்காது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள்தான் இதைக் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். நல்ல அணைகட்டு உள்ள வீட்டுக்கு இதைவிட விலை கூட்டித் தருகிற படம் இருக்காது என்பது என் எண்ணம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் காம்பிராக்களுக்கு இந்த லென்ஸ் எப்படி என்று ஒரு பையன் கேட்டான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவும் ஒரு இஸ்தோப்பும் (முன் திண்ணை) 10-18க்கு அளவெடுத்துச் செய்த மாதிரித்தான். ஆனால் விற்பதற்காக அதைப் படம் எடுக்க ஒருவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. கையில் காணி உறுதிப் பத்திரம் இருந்தால்தானே விற்க.

சரி, மற்ற விஷயங்களுக்கு வருகிறேன்.

நேர்க்கோடு. இவ்வளவு அகலமான லென்ஸில் கமராவைச் சொற்பம் கீழே சாய்த்தாலும் சுவர்கள் இரண்டும் விழப் போகிற மாதிரி நிற்கும். இங்கே வீடுகளும் சரிவில்தான் நிற்கின்றன. படமும் சாய்ந்தால் பார்க்கிறவர் மனதில் என்ன ஓடும் என்று சொல்லத் தேவையில்லை. ட்ரைபொட், கமராத் தலையில் செருகுகிற சின்ன ஸ்பிரிட் லெவல், லைவ் வியூவில் கட்டக் கோடு, இவ்வளவும் போதும். உயரத்துக்கு நான் ஸ்விட்ச் போர்டைக் குறியாக வைத்துக்கொள்வேன், ஏறக்குறைய நெஞ்சளவு. குசினியில் மட்டும் மேசைப் பலகை தெரிகிற அளவுக்குக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். நின்றபடி கண் உயரத்திலிருந்து எடுத்தால் பாதிப் படத்தைச் சீலிங் பலகை பிடித்துக்கொள்ளும். ட்ரைபொட் கால்களுக்குப் பழைய மேசோடு (சொக்ஸ்) மூன்று மாட்டிவைத்திருக்கிறேன். சிவப்புச் சிமெந்துத் தரையைப் பொலிஷ் போட்டுக் கண்ணாடியாக வைத்திருக்கிற வீட்டம்மா முன்னால் சேறு படிந்த காலை ஊன்றிப் பாருங்கள், அன்றைக்கு வேலை நடக்காது.

வெளிச்சம். இந்த லென்ஸ் வெளிச்சத்துக்குக் கஞ்சன். 10இல் எஃப் 4.5, 18இல் எஃப் 5.6; இந்த எண் கூடக் கூட உள்ளே வருகிற வெளிச்சம் குறையும். கல்யாண வீட்டில் ஓடியாடி எடுக்கிறவருக்கு இது குறைதான். ஆள் அசையாத வீட்டு வேலையில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ட்ரைபொட்டில் வைத்து எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று போட்டால் கட்டிலின் கால்மாட்டிலிருந்து ஜன்னல் கம்பி வரைக்கும் எல்லாம் கூர்மையாக வரும். ஷட்டர் அரை விநாடியோ ஒரு விநாடியோ எடுத்துக்கொள்ளட்டும். அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மலிவு எல்இடி பல்புகள் நம்முடைய 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் துடித்துக்கொண்டே இருக்கும். வேகமான ஷட்டரில் அந்தத் துடிப்பு படத்தில் வரி வரியாக விழும். மெதுவான ஷட்டரில் அந்தத் தொல்லை கிடையாது.

பிளாஷைச் சீலிங்கில் அடித்து வெளிச்சத்தைத் திருப்புகிற பழக்கம் கொழும்பு வீடுகளில், வெள்ளைச் சீலிங்கில் சரி. வார்னிஷ் அடித்த பலகைச் சீலிங்கில் அடித்தால் முழு அறையும் செம்மஞ்சளாகத் திரும்பி வரும். கீழே சிவப்புத் தரை வேறு வெள்ளைச் சுவருக்கு ரோஸ் பூசும். அதனால் பிளாஷை நான் பையிலேயே விட்டுவிட்டேன். கமராவில் பிராக்கெட்டிங்கைப் போட்டு, வெளிச்சத்தை இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் இரண்டு மடங்கு) கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று, நடுவில் ஒன்று. என்னுடைய கெனன் 200டி கமராவில் இரண்டு விநாடி டைமரையும் சேர்த்துப் போட்டால் ஒரே அழுத்தலில் மூன்றும் விழும், கை பட்டு ஆடுகிற பயம் இல்லை. அப்புறம் லைட்ரூமில் மூன்றையும் சேர்த்தால் அறையும் தெரியும், ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையும் தெரியும். சேர்த்த பிறகு வண்ணத்தை ஏற்றிவிடுகிற கையைக் கட்டிப்போட வேண்டும். அவ்வளவுதான்.

ஜன்னல் காட்சிக்கு இன்னும் நல்ல வழி, சூரியன் இறங்கிய பிறகு வருகிற கால் மணி நேரம். உள்ளே பல்பும் வெளியே வானமும் ஒரே அளவுக்கு வந்து நிற்கும். நம் பக்கத்தில் இருட்டு சட்டென்று விழுந்துவிடும் என்பதால் எந்த அறையை எடுப்பது என்று முதலே தீர்மானித்து, ட்ரைபொட்டை ஊன்றிக் காத்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கு தெரிகிற ஹோல் என்றால் நான் அதற்கு மட்டும் மாலையை ஒதுக்குவேன், மற்ற அறைகளைப் பகலிலேயே முடித்துவிடுவேன்.

பிற்பகல் வெளிச்சம் நன்றாக இருக்கிற நாளில் இராகு காலம் வந்து நிற்கும். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை. "அது கழியட்டும் புள்ள, விக்கிற வீடு, நல்ல நேரத்துல எடுத்தா நல்ல விலைக்குப் போகும்" என்று பெரியம்மா ஒருவர் என்னை உட்காரவைத்து வடை தந்திருக்கிறார். அதனால் செவ்வாயில் வீட்டு வேலை வைத்துக்கொள்வதில்லை. எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அவர்களுடைய வீடு.

ஐஎஸ் என்கிற நடுக்கம் தடுக்கும் வசதி இந்த லென்ஸில் இருக்கிறது. நாலு ஸ்டொப் அளவுக்குத் தாங்கும் என்கிறது கெனன். ட்ரைபொட்டில் நிறுத்திவிட வேண்டும். ஆனால் அது இல்லாவிட்டால் நான் சாமி அறைகளை எடுத்திருக்க முடியாது. படிக்கட்டுக்குக் கீழே அலுமாரி அளவில் ஒரு சாமி அறை இருக்கும்; ட்ரைபொட் காலை விரிக்கவே இடம் போதாது. முதலில் கேட்க வேண்டும், எடுக்கலாமா என்று. சிலர் வேண்டாம் என்பார்கள், சிலர் விளக்கை ஏற்றிவிட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏற்றிய விளக்கோடு, வாசற்படியில் முழங்கால் போட்டு, முழங்கையை நிலையில் ஊன்றி, எட்டில் ஒரு விநாடியில் எடுத்தால் படம் நடுங்காமல் வரும். ஐஎஸ்ஓ 800 போதும். வாங்குகிறவர் சைவக்காரர் என்றால் இந்தப் படத்தில் நின்று பார்ப்பார் என்று வீட்டுக்காரர்களே சொல்வார்கள். வேறு சமயத்தவர் வாங்க வருகிற இடமென்றால் தரகர் இதை எடுத்துவிடச் சொல்வார். இரண்டையும் கேட்டிருக்கிறேன்.

சுவரில் இருக்கிறவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த லென்ஸ் எதையும் வெளியே விடாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ், அதில் முழுப் பெயர், வாசலில் நிற்கிற வேனின் இலக்கத்தகடு, மாலை போட்ட அப்புச்சியின் படம், எல்லாம் கூர்மையாக வந்து உட்கார்ந்துவிடும். சான்றிதழைக் கழற்றிவைக்கச் சொல்வேன், இலக்கத்தை மறைப்பேன். மாலை போட்ட படத்தை மட்டும் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வராது. அது படத்துக்குள் வராத கோணத்தைத் தேடுவேன். சுவரில் ஈரம் ஊறிய கறையை போட்டோஷொப்பில் அழிக்கச் சொன்னால் மாட்டேன் என்றுதான் சொல்கிறேன். மேசையில் கிடக்கிற பிளாஸ்டிக் பையை அழிப்பது வேறு, மழைக்கு ஒழுகுகிற சுவரை அழிப்பது வேறு.

இனி லென்ஸின் உடம்பு. 240 கிராம், கமராவில் பூட்டுகிற மவுண்ட் கூட பிளாஸ்டிக். 2004இல் வந்த பழைய 10-22 லென்ஸ் 385 கிராம். அதைக் கையில் தூக்கிப் பார்த்தவர்கள் இதை விளையாட்டுச் சாமான் என்று நினைப்பார்கள். நான் பஸ்ஸில், சில நேரம் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிற ஆள். எனக்கு இந்தப் பாரம்தான் வேண்டும். ஒரு எரிச்சல் உண்டு. ஃபோகஸ் வளையம் மின்சாரத்தில்தான் ஓடுகிறது, கமரா தூங்கிவிட்டால் சுற்றினாலும் ஒன்றும் நடக்காது. தூர அளவு காட்டுகிற கண்ணாடியும் இல்லை. இருட்டு அறையில் கையால் ஃபோகஸ் செய்கிறவர்கள் லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஆட்டோஃபோகஸ் சத்தமே இல்லாமல் வேலை செய்யும், வீடியோ எடுக்கிறவர்களுக்கு அது நல்லது.

மழை, பனி, ஈரம், இவைதான் எங்கள் பக்கத்து லென்ஸுக்கு நோய். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். காலைக் குளிரில் போய் இறங்கி நேரே குசினிக்குள் நுழைந்தால், கேத்தல் கொதிக்கிற ஆவியில் முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும். துடைத்தால் திரும்பவும் வரும். பையைத் திறக்காமல் ஹோலில் வைத்துவிடுங்கள், உள்ளே இருக்கிற சாமான் அறைச் சூட்டுக்கு வரட்டும். எப்படியும் டீ குடிக்காமல் உங்களை வேலை செய்ய விடமாட்டார்கள், அந்த நேரம் சரியாக இருக்கும். அப்புறம் பருவம். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தை நனைக்கும். அதே ஜூலை, ஆகஸ்டில் எங்கள் ஊவாப் பக்கம் காய்ந்து காற்று வீசும். எங்களுக்கு மழை ஆண்டு முடிவில். ஹட்டன்காரர் ஜூனில் கூப்பிட்டால் உள்பக்கத்தை எடுத்துத் தந்துவிட்டு, வெளிப்பக்கத்துக்கு வெயில் வருகிற நாளைப் பார்ப்போம் என்பேன். வேறு வானத்தை வெட்டி ஒட்டித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. தகரக் கூரை ஈரத்தில் மின்னும்போது மேலே நீல வானத்தை ஒட்டினால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

யார் வாங்கலாம்? 200டி, 250டி போல ஏபிஎஸ்-சி என்கிற சின்னச் சென்சர் உள்ள கெனன் டிஎஸ்எல்ஆர் கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். முழுச் சென்சர் டிஎஸ்எல்ஆரில் இது மாட்டவே மாட்டாது. கெனனின் ஆர் வரிசை மிரர்லெஸ் கமரா வைத்திருப்பவர்கள் அடப்டர் போட்டு இதைப் பாவிக்கலாம். ஆனால் அவர்களுக்கென்றே 2023இல் ஆர்எஃப்-எஸ் 10-18 வந்திருக்கிறது, 150 கிராம்தான். நிக்கோன்காரர்களுக்கு 2017இல் வந்த ஏஎஃப்-பி 10-20 இருக்கிறது, அதிலும் நடுக்கம் தடுப்பு உண்டு. டோக்கினா 11-16 எஃப் 2.8 வேண்டும் என்று சிலர் நிற்பார்கள். வெளிச்சம் கூட வரும், உண்மை. ஆனால் நடுக்கம் தடுப்பு இல்லை, பாரமும் இரண்டு மடங்குக்கு மேல். வீட்டு வேலைக்கு அந்த எஃப் 2.8 எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. போனில் இருக்கிற அல்ட்ரா வைட் போதாதா என்றால், பல போன்களில் அது இந்த லென்ஸின் 10ஐ விடவும் அகலம், அதாவது குடம் இன்னும் பெரிய பூசணிக்காய். ஒரேயளவில் நிற்கும், தரம் குறையாமல் 14க்கு இழுக்கவும் வழியில்லை.

2014இல் வந்தபோது இதன் விலை அமெரிக்காவில் 299 டொலர். 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறிய பிறகு புதுசைப் பற்றி நம்மவர்கள் பேசுவதில்லை, பழையதைத்தான் தேடுகிறார்கள். பழையது வாங்கலாம், பயமில்லை, ஆனால் பார்த்து வாங்க வேண்டும். முக்கியமாக மலையில் இருந்த லென்ஸ் என்றால் பங்கஸ். லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டோர்ச்சைச் சாய்வாக அடித்து முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைவிட்ட வெள்ளைக் கோடு தெரிந்தால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு எழும்பி வந்துவிடுங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை, எல்லா லென்ஸிலும் இருக்கும். பிறகு கமராவில் மாட்டி, ஸூமை இரண்டு எல்லைக்கும் சுற்றி, ஒரு சுவரை எஃப் 8இல் எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால் எங்கோ விழுந்து எழும்பிய லென்ஸ். பின் மவுண்ட் பிளாஸ்டிக் என்பதால் அதன் காதுகள் தேய்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்பதையும் நகத்தால் தடவிப் பாருங்கள்.

வாங்கிய பிறகு அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிற யோசனை வேண்டாம், அந்த மாவுத்தூசி ஸூம் வளையத்துக்குள் போய்விடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போட்டால் போதும். பில்டர் அளவு 67 மில்லிமீட்டர். ஹூட் பெட்டியோடு வராது, ஈடபிள்யூ-73சி என்று கேட்டுத் தனியாக வாங்க வேண்டும். வீட்டுக்குள்ளே அது தேவைப்படாது. வெளியே தூறலில் கூரையை அண்ணாந்து எடுக்கும்போது முன்கண்ணாடியில் துளி விழுவதைக் கொஞ்சம் குறைக்கும்.